ஃபோன வச்சு மனசுக்கு வைத்தியம் பாக்கறது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கற குடும்பங்களுக்கு

எங்க ஊரு பாலக்கோடு பக்கம். என் தம்பி ஓசூர்ல ஒரு கம்பெனில நைட் ஷிப்ட் பாத்துட்டு இருந்தான், ஒரு மாசமா தூக்கமே இல்லாம போய், ஃபோன் வழியா தன்ன யாரோ பாத்துட்டே இருக்காங்கன்னு சொல்லி சிம்ம கழட்டி கெணத்துல போட்டுட்டு ஊருக்கு வந்து சேந்தான். காத்து கருப்பு அடிச்சிருக்குன்னு சொன்னாங்க, மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம், மூணு அமாவாசைக்கு கோயில்ல படுக்க வச்சோம், அப்படியே அஞ்சு மாசம் போச்சு. அப்புறம்தான் பெங்களூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். மருந்து ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல பையன் தூங்கினான், ஒழுங்கா சாப்ட்டான், மாந்தோப்பு காவலுக்கு கூட போக ஆரம்பிச்சான்.

கஷ்டம் அதுக்கப்புறம்தாங்க. மாசாமாசம் ரிவ்யூ போகணும். ரெண்டு பேருக்கு பஸ் காசு, ரெண்டு பேரோட ஒரு நாள் கூலி, விடியக்காலம் கெளம்பினா வீடு திரும்ப ராத்திரி ஆயிடும். மூணாவது மாசம் போகல. நாலாவது மாசம் மாத்திரை தீந்து போச்சு, இவன்தான் நல்லா இருக்கானேன்னு நாங்களும் விட்டுட்டோம். ஆறாவது மாசம் எல்லாம் மொதல்ல இருந்து ஆரம்பிச்சுது, இந்த தடவ இன்னும் மோசமா.

இத ஏன் சொல்றேன்னா, நம்ம பக்கம் மனநல வைத்தியம் அறுந்து போற எடம் பெரும்பாலும் இதுதான். கூட்டிட்டு போறது எப்படியோ ஒரு தடவ நடந்துடும், திரும்ப திரும்ப போறதுலதான் விட்டுப்போகுது. அந்த எடத்துலதான் ஃபோன் நெஜமாவே கை குடுக்கும். 2015-16ல நாடு முழுக்க எடுத்த தேசிய மனநல சர்வேல (தமிழ்நாடும் அதுல உண்டு) பெரியவங்கள்ல நூத்துக்கு 10.6 பேருக்கு ஏதாவது ஒரு மனநல பிரச்சனை இருக்குன்னு வந்துது, அதுல நோய பொறுத்து 70ல இருந்து 92 சதவீதம் பேருக்கு வைத்தியமே போய் சேரலன்னும் வந்துது. நம்ம தெருவுல எத்தன வீடுன்னு நீங்களே கணக்கு போட்டு பாருங்க.

நான் டாக்டர் கெடையாது. ஆறு வருசமா ஃபோன வச்சு ஒருத்தன் வைத்தியத்த அறுந்து போகாம இழுத்துட்டு வந்தவ. அதுல கத்துகிட்டத எழுதறேன்.

மொத ஃபோன் எங்க போடறது

14416. இத மனப்பாடம் பண்ணிக்கோங்க. டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்னிக்கு மத்திய அரசு ஆரம்பிச்சது, பெங்களூர்ல இருக்கற மத்திய அரசோட பெரிய மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்தான் இதுக்கு தலைமை. நம்ம ஊர்ல இத "நட்புடன் உங்களோடு மனநல சேவை"ன்னு சொல்லுவாங்க. ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கெடையாது. 1800-891-4416 போட்டாலும் அதே எடத்துக்குதான் போகும்.

இதுக்கு ஸ்மார்ட்ஃபோன் வேண்டாம், நெட் வேண்டாம், பட்டன் ஃபோன் போதும். இத நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா டிஜிட்டல்னு சொன்ன ஒடனே நம்மாளுங்க நெறைய பேர் இது படிச்சவங்க சமாச்சாரம்னு ஒதுங்கிக்கறாங்க. எங்க அம்மா கையெழுத்து போட மட்டும்தான் கத்துகிட்டாங்க, அவங்களே ஒரு நாள் ராத்திரி தம்பி கத்தினப்ப 14416 போட்டு பேசியிருக்காங்க, நான் அப்ப சேலத்துல இருந்தேன்.

எந்த மொழின்னு கேக்கும், 20 மொழி இருக்கு. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், வேப்பனஹள்ளி பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசறவங்க அதையே எடுத்துக்கலாம். வீட்டுல என்ன மொழில அழறோமோ அதுலயே பேசிடறது நல்லதுங்க, வேற மொழில பேசினா பாதி விசயம் தொண்டையிலயே நின்னுடும்.

மொதல்ல பயிற்சி எடுத்த கவுன்சிலர் பேசுவாங்க. தேவைப்பட்டா அங்கிருந்து மனநல டாக்டர்கிட்டயோ மாவட்ட மனநல திட்டத்துக்கோ மாத்தி விடுவாங்க. பேரு ஊரு சொல்ல கூச்சமா இருந்தா "பேர் சொல்ல தயக்கமா இருக்குங்க"ன்னு அதையே மொத வார்த்தையா சொல்லிடுங்க, அப்புறம் பேச்சு தானா வரும். 2024 அக்டோபர் 10ல இதுக்கு ஒரு ஆப் வந்துது, வீடியோல டாக்டர பாக்கற வசதியும் அப்பவே வந்துது, மொதல்ல ஆரம்பிச்ச மூணு எடத்துல தமிழ்நாடும் ஒண்ணு, கர்நாடகாவும் ஜம்மு காஷ்மீரும் மத்த ரெண்டு.

இது தவிர 104 நம்ம மாநில அரசோட ஹெல்த் லைன், பரீட்சை ரிசல்ட் வர்ற நேரத்துல பசங்களுக்கு கவுன்சிலிங் குடுக்கறதும் இங்கிருந்துதான். சென்னைல 1986ல இருந்து நடக்கற சிநேகா அமைப்பு 044-24640050, சாகணும்னு நெனப்பு வர்றவங்க மனசு விட்டு பேசறதுக்குன்னே இருக்கறது. இந்த மூணையும் ஃபோன்ல சேவ் பண்ணும்போது மனநலம்னு பேர் போடணும்னு கட்டாயம் இல்ல, "அக்கா ஆஸ்பத்திரி"ன்னு போட்டுக்கோங்க, ஒரே ஃபோன வீடே எடுத்து பாக்கற குடும்பத்துல இது முக்கியம்.

கூப்பிட்டா என்ன சொல்றது

இங்கதான் நெறைய பேர் தடுமாறுறாங்க. டிப்ரசன், ஆன்சைட்டின்னு சொல்ல தெரியணும்னு ஒண்ணும் கெடையாது. உங்க வார்த்தைலயே சொல்லுங்க. நெஞ்சு அடைக்குது, படபடன்னு வருது, வயித்த பெசையுது, தல பாரமா இருக்கு, எதுலயும் மனசு ஒட்டல, காதுல யாரோ பேசற மாதிரி கேக்குது. இதெல்லாம் அவங்களுக்கு நல்லா புரியும், இந்த வார்த்தைகள கேட்டுதான் அவங்களும் வேலை கத்துகிட்டவங்க. நான் பாத்த வரைக்கும் யூட்யூப் பாத்துட்டு "எனக்கு பைபோலார் இருக்கு"ன்னு ஆரம்பிக்கறவங்களுக்குதான் நேரம் அதிகம் ஆகுது, ஏன்னா டாக்டர் அந்த பேர தள்ளி வச்சுட்டு உள்ள என்ன நடக்குதுன்னு மறுபடியும் மொதல்ல இருந்து கேக்க வேண்டியிருக்கு.

ஆனா வார்த்தையோட நாள் கணக்கையும் சேத்து சொல்லுங்க. "சரியா தூங்கறதில்ல"ன்னா ஒண்ணும் புரியாது. "மாங்கா சீசன் முடிஞ்சதுல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்ல, வாரத்துல அஞ்சு நாள் இப்படி"ன்னா டாக்டருக்கு பாதி வேலை முடிஞ்சுது. சாப்பாடு எவ்வளவு கொறஞ்சுது, வேலைக்கு எத்தன நாள் போகல, குடி உண்டா, குடிச்சா எவ்வளவு. குடிய மறைக்காதீங்க, மருந்து எழுதறதுக்கு அது ரொம்ப அவசியம்.

மனசு சோர்வு எவ்வளவு இருக்குன்னு ஃபோன்லயே போட்டு பாக்கற கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, பிஎச்கியூ-9ன்னு பேரு, தமிழ்லயும் கெடைக்குது. போன ரெண்டு வாரம் எப்படி இருந்துதுன்னு 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும், மொத்தம் 27. கூட்டினா 10ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர்கிட்ட காட்டறது நல்லது. இது நோய் இருக்கா இல்லையான்னு தீர்ப்பு சொல்றது இல்ல, தர்மாமீட்டர் மாதிரி, ஜுரம்னு சொல்லும், என்ன ஜுரம்னு சொல்லாது. ஒரே ஒரு எச்சரிக்கை, கடைசி 9ஆவது கேள்வி சாவ பத்தினது. அதுல 0 தவிர வேற எது வந்தாலும் கூட்டல் கணக்கு எவ்வளவுன்னு பாக்காம அன்னிக்கே யாராவது ஒருத்தர்கிட்ட பேசிடணும்.

மொத தடவ நேர்ல போங்க

இத சொன்னா அப்புறம் ஃபோன் எதுக்குன்னு கேப்பீங்க. மனசு சோர்வு மாதிரியே தெரியற பல விசயம் ஒடம்புல இருந்து வருது. தைராய்டு கொறஞ்சாலும் அப்படியே இருக்கும், ரத்தசோகை இருந்தாலும் அப்படியே இருக்கும். எங்க சித்தி பொண்ணு ஒருத்தி ஒரு வருசமா அழுதுட்டே இருந்தா, கல்யாண ஏக்கம்னு சொன்னாங்க, ரத்தம் எடுத்து பாத்தா தைராய்டு. ஃபோன்ல ரத்தம் எடுக்க முடியாதே.

தருமபுரில 2008ல இருந்து அரசு மருத்துவக்கல்லூரி இருக்கு, கிருஷ்ணகிரிலயும் 2022 ஜனவரில அரசு மருத்துவக்கல்லூரி தொறந்தாச்சு. இது போக மாவட்ட மனநல திட்டத்துல மனநல டாக்டருங்க தாலுக்கா ஆஸ்பத்திரிகளுக்கு குறிப்பிட்ட நாள்ல வர்றாங்க. அரூருக்கு எந்த கெழமை, பென்னாகரத்துக்கு எந்த கெழமைன்னு அந்தந்த ஆஸ்பத்திரில ஃபோன் போட்டு கேட்டுட்டு போங்க, கெழமை மாறிகிட்டே இருக்கும், கேக்காம போய் திரும்பி வந்த நாள் எங்களுக்கு ரெண்டு உண்டு. பெரிய கேஸ்னா பெங்களூர் நிம்ஹான்ஸ், ஓசூர்ல இருந்து 40 கிலோமீட்டருக்குள்ளதான், நம்ம பஸ் போற ஓசூர் ரோட்டுலயே இருக்கு.

மொத ரெண்டு தடவ நேர்ல பாத்து, ரத்த டெஸ்ட் எல்லாம் முடிச்சு, மருந்து செட் ஆன பிறகு டாக்டர்கிட்ட வாயத் தொறந்து கேளுங்க, "சார், எங்க ஊர்ல இருந்து மாசாமாசம் வர முடியாது, நடுவுல ஒரு மாசம் வீடியோல பாக்க முடியுமா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ நேர்ல வர்றோம்". நாங்க இத கேக்காமயே விட்டதாலதான் ஆறு மாசம் வீணாச்சு. கேட்டப்ப டாக்டர் தாராளமா பாக்கலாம்னுதான் சொன்னாரு.

சட்டப்படியும் இது சரிதான். 2020 மார்ச் 25ல டெலிமெடிசினுக்கு வழிகாட்டு நெறி வந்துது, அதுல ஃபோன், வீடியோ, மெசேஜ் எது வழியாவும் பதிவு பெற்ற டாக்டர் பாக்கலாம்னு இருக்கு, சீட்டுல அவங்க பதிவு எண் கண்டிப்பா இருக்கணும். போதைப்பொருள் தடுப்பு சட்டத்துக்குள்ள வர்ற மருந்துகள இப்படி எழுதக்கூடாதுன்னும் அதுலயே இருக்கு, தூக்கத்துக்கும் படபடப்புக்கும் குடுக்கற சில மாத்திரை அதுல வரும். அதனால டாக்டர் "இதுக்கு நேர்ல வாங்க"ன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க, சீட்டே இல்லாம தூக்க மாத்திரை கூரியர்ல வரும்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட ஒரு ரூபா குடுக்காதீங்க.

அரசோட இசஞ்ஜீவனி வழியாவும் வீட்டுல இருந்தே இலவசமா டாக்டர்கிட்ட பேசலாம். நெட் இல்லாதவங்க பக்கத்து சுகாதார நிலையத்துக்கு போனா அங்க இருக்கறவங்களே போட்டு தருவாங்க.

வீடியோ ரிவ்யூ அன்னிக்கு

இதுதான் எனக்கு ரொம்ப தெரிஞ்ச பகுதி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொத வீடியோ ரிவ்யூ எங்களுக்கு பாழா போச்சு. சிக்னல் இல்ல, வாசல்ல வந்து நின்னோம், பக்கத்து வீட்டு பெரியம்மா முருங்க பறிக்கற மாதிரி வேலி ஓரம் நின்னு கேட்டுட்டே இருந்தாங்க, தம்பி வாயே தொறக்கல, "நல்லா இருக்கேன் சார்"னு மூணு தடவ சொல்லிட்டு என்கிட்ட ஃபோன குடுத்துட்டான். அன்னிக்கு ராத்திரி பூரா அவனுக்கு காதுல சத்தம் கேட்டிருக்கு, டாக்டர்கிட்ட சொல்லல.

அதுல இருந்து நாங்க பண்றது இப்படி. ரெண்டு நாள் முன்னாடியே எந்த எடத்துல சிக்னல் நிக்குதுன்னு பாத்து வச்சுக்குவோம். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி பக்கத்து மலை கிராமத்துக்காரங்களுக்கு இது பெரிய பிரச்சனை, அப்படி இருந்தா கீழ எறங்கி ஒரு சொந்தக்காரங்க வீட்டு மாடியோ தோட்டத்து மோட்டார் ரூமோ ஏதாவது ஒண்ண பேசி வச்சுக்கோங்க. டீக்கடை, பஸ் ஸ்டாண்ட் வேண்டாம். வீடியோ விட்டு விட்டு வந்தா ஒடனே டாக்டர்கிட்ட சொல்லி சாதா கால்ல பேசுங்க, மொகம் தெரியலன்னாலும் பரவால்ல, பாதி பாதி பேச்சா கேட்டு மருந்து அளவ தப்பா எழுதிக்கறத விட அது மேல்.

டாக்டர் புது நம்பர்ல இருந்து கூப்பிடுவாங்க. லோன் காரனோ விளம்பரமோன்னு நெனச்சு வீட்டுல கட் பண்ணிடுவாங்க. அன்னிக்கு எந்த நம்பர் வந்தாலும் எடுக்கணும்னு எல்லாருக்கும் சொல்லி வைங்க, ரெண்டாவதா ஒரு நம்பரும் முன்னாடியே குடுத்து வைங்க. சார்ஜ், ஹெட்போன். ஹெட்போன் போட்டா டாக்டர் பேசறதாவது வெளிய கேக்காது.

ஒரு நோட்டுல மூணு விசயம் எழுதிக்குவேன். போன தடவைக்கு அப்புறம் என்ன மாறுச்சு, மாத்திரை எத்தன நாள் விட்டுப்போச்சு, என்ன பயமா இருக்கு. விட்டுப்போன மாத்திரைய மறைச்சோம்னா டாக்டர் மருந்து வேலை செய்யலன்னு நெனச்சு அளவ ஏத்திடுவாங்க, நமக்குதான் கேடு. சாப்பாட்டுல கலந்து தெரியாம குடுக்கறவங்களும் இருக்காங்க, தப்பு சரின்னு நான் உங்கள நிக்க வச்சு கேக்கல, ஆனா அத டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அவங்க வேற வழி காட்டுவாங்க.

மாத்திரை அட்டைய ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. பேர வாயால சொன்னா ஒரு மாத்திரை இன்னொண்ணா மாறிப்போகுது. பிபி, சுகர் கணக்கையும் கையில வச்சுக்கோங்க. மக்களைத் தேடி மருத்துவம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான் 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சது, அந்த அக்காங்க வீட்டுக்கு வந்து பிபி பாக்கும்போது அந்த கணக்க நோட்டுல குறிச்சு வைங்க. மனநல மருந்து சிலது எடை ஏத்தும், சுகர் ஏத்தும், அதனால மாசம் ஒரு தடவ எடையும் பாத்துடுங்க. லித்தியம்ங்கற மனநல மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரத்த டெஸ்ட் கட்டாயம், வீடியோல நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சாலும் டெஸ்ட்ட விடக்கூடாது, அதோட வெயில்ல வேலை செய்யறவங்க தண்ணி நெறைய குடிக்கணும்.

கை நடுக்கம் இருந்தா கேமரா முன்னாடி ரெண்டு கையையும் நீட்டி காட்டுங்க, நாலு அடி நடந்து காட்டுங்க. ஒடம்பு வெறைச்ச மாதிரி இருக்குன்னா அது வீடியோல சரியா தெரியாது, தொட்டுதான் பாக்கணும், நேர்லயே போயிடுங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், நோயாளி தனியா பேச அஞ்சு நிமிசம் விடுங்க. நான் இப்ப மொத அஞ்சு நிமிசம் தம்பி கையில ஃபோன குடுத்துட்டு மாட்டுக்கு தண்ணி காட்ட போயிடுவேன். அப்புறம் வந்து என் பங்க சொல்லுவேன், அதையும் அவன் முன்னாடியேதான் சொல்லுவேன், முதுகுக்கு பின்னாடி சொல்றதில்ல. பொம்பளைங்க விசயத்துல இது இன்னும் அவசியம், மாமியாரும் புருசனும் ரெண்டு பக்கமும் உக்காந்திருக்க ஒரு பொண்ணு என்னத்த சொல்ல முடியும், "தனியா பேசணும்"னு அவங்களால கேக்க முடியலன்னா டாக்டர் கேப்பாங்க, ஃபோன குடுத்துட்டு எழுந்துடுங்க.

வீடியோ எடுக்கறத பத்தி ஒரு வேண்டுகோள்

தம்பி ரெண்டாவது தடவ முடியாம போனப்ப அவன் தெருவுல கத்தினத சொந்தக்கார பையன் ஒருத்தன் வீடியோ எடுத்து குரூப்ல போட்டான். ஊர் பூரா போச்சு. இன்னிக்கு வரைக்கும் என் தம்பி திருவிழாவுக்கு வர்றதில்ல, நோய் சரியாச்சு, அது சரியாகல. மனநல மருத்துவ சட்டம் 2017ல நோயாளியோட விசயத்த ரகசியமா வைக்கணும், சம்மதம் இல்லாம ஃபோட்டோவோ தகவலோ மீடியாவுக்கு குடுக்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. டாக்டருக்கு காட்டணும்னு ஒரு நிமிசம் எடுக்கறது வேற, டாக்டருக்கு மட்டும் அனுப்பிட்டு அனுப்பின எடத்துலயும் கேலரிலயும் அழிச்சுடுங்க. சீட்டு, ரிப்போர்ட் எல்லாத்தையும் குடும்ப குரூப்ல போட்டு வைக்காதீங்க, தனி ஃபோல்டர்ல லாக் போட்டு வைங்க. ஃபோன விக்கும்போது முழுசா அழிச்சுட்டு குடுங்க.

ஆப், ஆன்லைன் கவுன்சிலர், ஏஐ

மூச்சு பயிற்சி, தூக்க கணக்கு, மனசு எப்படி இருக்குன்னு தினம் ஒரு வரி எழுதறது, இதுக்கெல்லாம் ஆப் நல்லாவே உதவும். மாத்திரைக்கு ஃபோன்ல இருக்கற அலாரமே போதும், தனி ஆப் வேண்டாம். அலாரத்துக்கு பேர் வைக்கும்போது மாத்திரைன்னு போடாம "மாட்டுக்கு தவுடு"ன்னு தம்பி வச்சிருக்கான், வேலை செய்யற எடத்துல அடிச்சாலும் யாருக்கும் தெரியாது.

காசு குடுத்து ஆன்லைன்ல கவுன்சிலிங் எடுக்கறதா இருந்தா பேசறவங்க யாருன்னு பாருங்க. மனநல டாக்டர்னா எம்பிபிஎஸ் முடிச்சு அதுக்கு மேல மனநலத்துல படிச்சவங்க, மெடிக்கல் கவுன்சில் பதிவு இருக்கும், அத நெட்லயே சரிபாக்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேட்டா குடுக்கணும். எண் கேட்டதும் பேச்ச மாத்தறவங்கள விட்டுடுங்க.

ஆப்ல நீங்க எழுதறது எங்க போகுதுன்னும் யோசிங்க. அமெரிக்கால பெட்டர்ஹெல்ப்னு ஒரு பெரிய ஆன்லைன் கவுன்சிலிங் கம்பெனி, ஆளுங்க நம்பி குடுத்த தகவல விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட்டுக்கு குடுத்துதுன்னு 2023ல அந்த நாட்டு அரசு அமைப்பு நடவடிக்கை எடுத்து 78 லட்சம் டாலர் கட்ட வச்சுது. ஆப் போடும்போது கான்டாக்ட், லொகேஷன் கேட்டா வேண்டாம்னு அழுத்துங்க, ஒரு மூச்சு பயிற்சி ஆப்புக்கு உங்க மாமா நம்பர் எதுக்கு.

ஏஐகிட்ட ராத்திரி ஒரு மணிக்கு மனசுல இருக்கறத கொட்டற பசங்க நம்ம ஊர்லயும் இருக்காங்க, கேக்க ஆள் இல்லாத எடத்துல அது பேசுதேன்னு எனக்கும் அவங்க நெலம புரியுது. மனசுல இருக்கறத கோர்வையா எழுதி பாக்க, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு பட்டியல் போட அத வச்சுக்கோங்க. மாத்திரை அளவ அதுகிட்ட கேக்காதீங்க. 2023ல அமெரிக்கால சாப்பாட்டு கோளாறு உள்ளவங்களுக்குன்னு ஒரு அமைப்பு வச்சிருந்த டெஸ்ஸாங்கற சாட்பாட், அந்த நோய் உள்ளவங்களுக்கே எடை கொறைக்க வழி சொல்லி, அத நிறுத்தவே வேண்டியதாச்சு. சாகணும்னு தோணுற ராத்திரில மெஷினோட பேசாம 14416ஓட பேசுங்க, அந்த பக்கம் ஒரு மனுசன் மூச்சு விடற சத்தம் கேக்கும்.

மனச கெடுக்கறதும் இதே ஃபோன்தான். லோன் ஆப்காரன் மெரட்டறான், சூதாட்ட ஆப்ல காசு போச்சுன்னு ஒடஞ்சு போன பசங்க இங்க நெறைய. காசு ஏமாந்தா ஒடனே 1930க்கு கூப்பிடுங்க, அது சைபர் குற்றத்துக்கான நம்பர். பசங்கள திட்டறத அன்னிக்கு ஒரு நாள் நிறுத்திக்கோங்க, பணத்த விட்டதுல ஏற்கனவே பாதி செத்து போயிருப்பாங்க.

ஃபோன கீழ வச்சுட்டு ஓட வேண்டிய நேரம்

சில நேரத்துல எந்த வீடியோவும் உதவாது, 108தான். சாக முயற்சி பண்ணிட்டாங்க, இல்ல எப்படி பண்றதுன்னு யோசிச்சு வச்சிருக்காங்க. மூணு நாலு நாளா தூக்கமே இல்லாம பேசிட்டே இருக்காங்க. சோறு தண்ணி எடுக்கறதே இல்ல. ஜுரத்தோட ஆள் யார்னே தெரியாம ஒளர்றாங்க. தெனம் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தி ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கி, இல்லாதது கண்ணுக்கு தெரியுதுன்னு சொல்றாங்க, இது உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெத்த பொண்ணு சில நாள்லயோ வாரத்துலயோ மாறி பேசறா, கொழந்தைய பத்தி விபரீதமா சொல்றான்னா பேய் புடிச்சிருக்குன்னு ஒரு ராத்திரி கூட தள்ளாதீங்க, வைத்தியம் பாத்தா நல்லா சரியாகற நோய் அது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கூட ஆள் இருங்க, வீட்டுல இருக்கற பூச்சி மருந்தையும் மாத்திரை டப்பாவையும் பக்கத்து வீட்டுல குடுத்து பூட்டி வைங்க. தோட்டம் வச்சிருக்கறவங்க வீட்டுல ஒருத்தருக்கு மனசு சரியில்லன்னு தெரிஞ்ச அன்னிக்கே இத பண்ணிடறது நல்லது. முயற்சி பண்ணினவங்கள போலீஸ் கேஸ்ன்னு பயந்து மறைக்காதீங்க, 2017 சட்டம் அவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்கன்னுதான் எடுத்துக்க சொல்லுது, தண்டிக்க சொல்லல.

மருந்து நடுவுல

மன அழுத்தத்துக்கான மாத்திரை வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகும். மொத வாரம் ஒண்ணும் தெரியலன்னு விட்டுடறவங்கதான் அதிகம். அந்த நாலு வாரத்துக்கு ஃபோன வச்சு ஒரு வேலை பண்ணலாம், வெளியூர்ல இருக்கற அண்ணனோ அக்காவோ தெனம் ராத்திரி எட்டு மணிக்கு கூப்பிட்டு "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா"ன்னு ரெண்டு வார்த்தை கேக்கறது. திருப்பூர்லயும் பெங்களூர்லயும் கட்டட வேலை, பனியன் வேலைன்னு போயிருக்கற நம்ம வீட்டாளுங்களுக்கு இது அங்கிருந்தே பண்ண முடிஞ்ச ஒதவி. அட்வைஸ் வேண்டாம், அந்த ரெண்டு வார்த்தை போதும்.

மாத்திரை தீர பத்து நாள் இருக்கும்போதே காலண்டர்ல ஒரு அலாரம் வைங்க. பத்து நாள்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு, நம்ம ஊர் மருந்துகடைல எல்லா மனநல மாத்திரையும் இருக்காது, சொல்லி வச்சா வர மூணு நாலு நாள் ஆகும், நடுவுல ஒரு ஞாயித்துக்கெழமை, ஒரு பண்டிகை வந்துடும். நல்லாயிட்டோம்னு தோணினா நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர கேட்டு கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும்.

ரிவ்யூ முடிஞ்சதும் ஃபோன வைக்கறதுக்கு முன்னாடி டாக்டர் சொன்ன மருந்த திருப்பி சொல்லி காட்டுங்க, காலைல எத்தன, ராத்திரி எத்தன, அடுத்த தடவ எந்த தேதின்னு. சீட்டு வாட்ஸ்அப்ல வந்ததும் பதிவு எண் இருக்கான்னு பாத்துட்டு ஒரு பிரிண்ட் எடுத்து மாத்திரை டப்பாவுக்குள்ளயே மடிச்சு வைங்க, ஃபோன் ஒடஞ்சா கூட சீட்டு இருக்கும். எங்க வீட்டுல அடுத்த தேதிய சமையகட்டு சொவத்துல கரியால எழுதறது அம்மாவோட வேலை, அதுக்கு கீழயே 14416னும் எழுதி வச்சிருக்காங்க.